போருக்குப் பிந்திய மீட்சியைச் சொல்லும் நாவல் தேவை

கிளிநொச்சியில், மீளக்குடியமர்ந்த ஒன்பது பேர் தை மாதம் முதல் போயா (முழுநிலா விடுமுறை) நாட்களில் ஒன்றுகூடி நாவல் வாசித்து வருகிறோம். அடுத்து எதை வாசிப்பதென்று தெரியாமல் நிற்கிறோம்.

முதலில் நைஜீரிய எழுத்தாளர் அச்சேபேயின் 'சிதைவுகள்' நாவலை வாசித்தோம். அது ஓர் ஆபிரிக்கச் சமூகத்தின் வீழ்ச்சியோடு முடிவதால், "பிறகு அந்தச் சனம் என்ன செய்தது?" என்ற கேள்வி அப்படியே நின்றது. அடுத்து கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1967இல் எழுதிய 'எ கிரெய்ன் ஒஃப் வீட்' நாவலைப் பகுதி பகுதியாக நானே தமிழாக்கி வாசித்தேன். கென்யா விடுதலை பெற்ற நாளில் மூகோ என்ற பாத்திரம் தன் துரோகத்தைக் கூட்டத்தின் முன் ஒப்புக்கொள்ளும் இடத்தில், மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா பிரதியை மடித்து மடியில் வைத்துவிட்டு, அடுத்த இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது, தடுப்பு முகாமிலிருந்து மீண்ட தச்சன் கிகோன்யோ மனைவிக்கென முக்காலி செதுக்க நினைக்கும் இறுதிப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன், உள அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்கென 1992இல் வகுத்த பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயர்காத்தல், மீளிணைதல் என்ற மூன்று கட்டங்களையும் பொருத்திப் பார்த்தேன். முதற்கட்டமே இங்கு பலருக்கு இன்னும் நிறைவுறவில்லை. யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் தேடியபோது போரைச் சொல்லும் நூல்களே கையில் கிடைத்தன.

வாய்விட்டுச் சொல்வதால் மட்டுமன்றி, கைத்தொழிலாலும் அயலாராலும் மனிதர் மெல்ல மீள்வதைக் காட்டும், தமிழில் வாசிக்கக்கூடிய நாவல் எது?