ஒரு கலியாணம், மூன்று நாடு, ஆளுக்கொரு கடவுச்சீட்டு: ஈ.ரி.ஏ. எடுத்த அனுபவங்கள்

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து:

லண்டனில் கலியாணம், சாமத்தியவீடு என்று போக இருக்கிறவர்கள் ரிக்கெட் போட முதல் இதை வாசியுங்கள். கனடா பாஸ்போர்ட்டில் பிரித்தானியா போக 2025 ஜனவரி 8 முதல் ஈ.ரி.ஏ. (ETA) என்கிற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். 2026 பெப்ரவரி 25 முதல் அதைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். அனுமதி இல்லாதவரை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பதுதான் இப்போது விதி.

லண்டன் ஹரோவில் அண்ணாவின் மகளுக்குக் கலியாணம். எங்கள் வீட்டிலிருந்து நான், கணவர், பிள்ளைகள், மாமி, என் அம்மா எல்லாரும் வெளிக்கிட்டோம். ஒரே வீடு, ஒரே விமானம், ஆனால் எல்லாருக்கும் ஒரே கடதாசி இல்லை. ஈ.ரி.ஏ. குடும்பத்துக்குக் கொடுக்கப்படுவது அல்ல. ஒவ்வொரு பாஸ்போர்ட்டோடும் தனித்தனியாகப் பிணைக்கப்படுவது. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்கவேண்டும். இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் மிச்சமெல்லாம் விளங்கும்.

ரிக்கெட் விசாரித்த இடத்தில், "கனடாவில இருந்து போறவைக்கு ஈ.ரி.ஏ. காணும், ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" என்று சொன்னார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அது முழுப் பிழை. அம்மா பி.ஆர். என்கிற கனடா நிரந்தர வதிவிடக் கார்ட்டோடுதான் இருக்கிறார், சிட்டிசன் எடுக்கவில்லை. கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை பிரித்தானியா பார்ப்பதில்லை, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைத்தான் பார்க்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஈ.ரி.ஏ. கிடையாது, விசிற்றர் விசாதான். கனடாவில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது மாறாது. நல்ல காலம், அண்ணா லண்டனில் இருந்து அரசாங்கத் தளத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

விசா என்றால் ஒன்லைனில் விண்ணப்பம் போட்டு, பிறகு விண்ணப்ப நிலையத்துக்கு நேரம் எடுத்துப் போய் கைரேகையும் படமும் கொடுக்கவேண்டும். நூறு பவுணுக்கு மேல் செலவு. பி.ஆர். கார்ட் பிரதி, வங்கிக் கணக்கு விபரம், அண்ணா எழுதிய அழைப்புக் கடிதம், கலியாண அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தோம். தமிழில் மட்டும் இருக்கிற கடதாசிகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்கவேண்டும், அதை மறக்கவேண்டாம். முடிவு பொதுவாக மூன்று கிழமைக்குள் வரும் என்கிறார்கள். கலியாணத் திகதியை வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், காலம் எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். வயதான பெற்றோரைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டுப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். பேத்தியின் கலியாணம் பார்க்கவேண்டிய ஒரு மனுஷி, யாரோ சொன்ன பிழையான ஒரு வசனத்தால் அதைத் தவறவிடுவது கொடுமை.

மற்ற எல்லாருக்கும் வேலை சுலபமாக முடிந்தது. ஈ.ரி.ஏ.க்கான அரசாங்கச் செயலியைப் போனில் இறக்கினோம். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் படம் பிடிக்கச் சொல்லும். அப்புறம் போனைப் பாஸ்போர்ட்டின் மேல் வைத்து உள்ளே இருக்கும் சிப்பை வாசிக்கவேண்டும். மாமியின் பாஸ்போர்ட்டை அது வாசிக்க மறுத்தது. போனின் கவரைக் கழற்றி, பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, போனை மெல்ல மெல்ல நகர்த்தியபோது ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது. முகத்தை ஸ்கேன் பண்ணும்போது யன்னலுக்கு முன்னால் இருத்துங்கள், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். 9 வயது வரையான பிள்ளைகளிடம் முகம் ஸ்கேன் பண்ணக் கேட்பதில்லை, படம் மட்டும் காணும். பக்கத்தில் இல்லாத ஒருவருக்காக விண்ணப்பிக்கிறதானால் செயலியை விட்டுவிட்டு இணையத்தளத்தில் செய்யுங்கள்.

நாங்கள் எடுத்தபோது ஆளுக்கு 16 பவுண் கட்டினோம். 2025 ஏப்ரல் 9 வரை 10 பவுணாகத்தான் இருந்தது. மின்னஞ்சலில் 16 இலக்கக் குறிப்பு எண் ஒன்று வரும். மூன்று வேலைநாள் வரை எடுக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் எங்களுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒருமுறை எடுத்தால் 2 வருஷம் செல்லுபடியாகும், ஒவ்வொரு முறையும் 6 மாதம் வரை நிற்கலாம். ஆனால் பாஸ்போர்ட் முடிந்தால் அதோடு அனுமதியும் முடிந்துவிடும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கனடா பாஸ்போர்ட் கூடியது 5 வருஷம்தான் என்பதால், பிள்ளைகளின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கூகிளில் தேடும்போது மேலே வருவதெல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. அதே நிறம், அதே எழுத்து, அரச முத்திரை மாதிரி ஒன்று. என் மச்சாளிடம் அப்படி ஒரு தளம் பல மடங்கு பணம் வாங்கிவிட்டது. அனுமதி வந்ததுதான், ஆனால் அவர்கள் செய்தது அவரின் விபரங்களை எடுத்து அரசாங்கத் தளத்தில் போட்டது மட்டும். பாஸ்போர்ட் படமும் வங்கி அட்டை விபரமும் முன்பின் தெரியாத ஆட்களிடம் போய்விட்டதே என்பதுதான் எனக்குக் காசை விடப் பெரிய கவலை. விலாசம் கவ் டொட் யூகே (gov.uk) என்று முடியாவிட்டால் உள்ளே போகவேண்டாம்.

ஹரோவிலிருந்து:

மேலே எழுதிய தங்கைக்கு நன்றி. நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்: லண்டனிலிருந்து கனடா போகிறவர்களின் கதை.

கனடாவின் ஈ.ரி.ஏ. பழையது, 2016 மார்ச்சில் தொடங்கியது. 7 கனடா டொலர், 5 வருஷம் அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை. பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிஷத்திலேயே மின்னஞ்சல் வந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படியே வந்தது, சின்னம்மாவைத் தவிர.

சின்னம்மா எண்பதுகளின் கடைசியில் அகதியாக மொன்றியல் போய்ச் சேர்ந்தவர். அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்தது. பிறகு கலியாணம் செய்து லண்டன் வந்து, இங்கேயே வேலை செய்து பிரிட்டிஷ் சிட்டிசன் ஆகிவிட்டார். கனடாவில் ஒரு காலம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. முன்பு விசா, அனுமதி ஏதாவது எடுத்தீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள், ஆம் என்று போட்டார். அனுமதி வரவில்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் இப்போதும் கனடாவின் நிரந்தர வதிவாளர்தான் என்று பதில் வந்தது.

முதலில் எங்களுக்கு நம்பமுடியவில்லை. விசாரித்தபோதுதான் விளங்கியது. கனடாவை விட்டு வந்ததாலோ, கார்ட் காலாவதியானதாலோ பி.ஆர். தானாக இல்லாமல் போவதில்லை. முறைப்படி ஒரு முடிவு எடுக்கப்படும்வரை அது கோப்பில் உயிரோடு இருக்கும். பி.ஆர். ஆக இருப்பவருக்கு ஈ.ரி.ஏ. கொடுக்கமாட்டார்கள். அவருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பி.ஆர். ஆளாகவே பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் 5 வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை அவர் நிறைவேற்றவில்லை, அதனால் மறுப்பு வரச் சாத்தியம் அதிகம். மற்றது, தன் விருப்பத்தில் பி.ஆர். உரிமையைக் கைவிடுகிறேன் என்று கையொப்பம் வைப்பது.

கைவிட்டால் திரும்ப வராது. மறுபடி வேண்டுமென்றால் புதிய ஆளாக ஆரம்பத்திலிருந்து குடிவரவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். சின்னம்மாவுக்கு அது வெறும் படிவமாக இருக்கவில்லை. ஊரில் ஒன்றும் மிச்சமில்லாமல் வந்த நேரத்தில் அவரை ஏற்றுக்கொண்ட நாடு அது. அவர் யோசித்து முடிவெடுக்கட்டும் என்று நாங்கள் விட்டோம். கடைசியில் கையொப்பம் வைத்தார். அந்த ஏற்பு வந்தபின் ஈ.ரி.ஏ. உடனே கிடைத்தது, ஆனால் அவர் போக நினைத்த நிகழ்வு அதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் எப்போதாவது கனடாவில் பி.ஆர். ஆக இருந்திருந்தால், ரிக்கெட் போடுவதற்குப் பல மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். நியூயோர்க் வரை பறந்து அங்கிருந்து தரைவழியாகப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். தரை எல்லையில் கனடா ஈ.ரி.ஏ. கேட்பதில்லை என்பது சரிதான். ஆனால் அதற்கு எஸ்டா என்கிற அமெரிக்கப் பயண அனுமதி வேண்டும், 2025 செப்டம்பர் 30இல் அதன் கட்டணம் 40 அமெரிக்க டொலராகக் கூடியது. முழங்கால் வருத்தத்தோடு இருக்கிற ஒருவரை அப்படி அலைக்கழிக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்று. எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஆட்களில் பலர் இரண்டு மூன்று நாடு கடந்து வந்தவர்கள், எங்கேயோ ஒரு மறுப்பு இருக்கும். பழைய கதைதானே என்று இல்லை என்று போடவேண்டாம். பிரித்தானியா, கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பரிமாறுகின்றன. நடந்ததை நடந்தபடி எழுதி, பின்னர் எங்கே அகதி அந்தஸ்து கிடைத்தது என்பதையும் விளக்குங்கள். பழைய மறுப்பு ஒன்றை விளக்கிச் சமாளிக்கலாம், பொய் சொன்னதாகப் பதிவு விழுந்தால் அதைத் துடைப்பது கஷ்டம்.

பாரிஸிலிருந்து:

இதே ஹரோக் கலியாணத்துக்கு நாங்களும் போனோம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் ஈ.ரி.ஏ. வேண்டும். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாசப்பலில் இதைப் பற்றிக் கதைக்காத கடையில்லை.

யூரோஸ்ரார் ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பிரித்தானிய எல்லைச் சோதனை லண்டனில் இல்லை, இங்கே பாரிஸ் கார் து நோர் (Gare du Nord) ரயில் நிலையத்திலேயே நடக்கிறது. எங்கள் உறவுக்காரப் பெடியன் ஒருவன் பிரெஞ்சு அடையாள அட்டையோடு வந்துவிட்டான். முந்தி அதோடு போய்வந்தவன். 2021 ஒக்டோபர் 1 முதல் சாதாரணப் பயணிகளுக்கு அது செல்லாது. கலியாண உடுப்புப் பெட்டியோடு அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பினான்.

என் அத்தானிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். பிரான்ஸ் கொடுத்தது, பார்க்க பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும், ஐரோப்பாவுக்குள் எத்தனையோ நாடு போய்வந்திருக்கிறார். ஆனால் லண்டனுக்கு அதில் ஈ.ரி.ஏ. எடுக்கமுடியாது, விசா எடுக்கவேண்டும். சுவிஸ், ஜெர்மனியில் இப்படிப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். அவர் தொடக்கத்திலேயே கேட்டு அறிந்தபடியால் விசா எடுத்துக்கொண்டு வந்தார்.

லண்டனில் குடியேறி, செற்றில்ட் ஸ்ரேற்றஸ் என்கிற நிரந்தர வதிவிட உரிமை வைத்திருக்கிற பிரெஞ்சு, டச்சுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஈ.ரி.ஏ. தேவையில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் புதிய எண்ணைத் தங்கள் இணையக் கணக்கில் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பயணத்தின்போது உங்கள் உரிமை அவர்களின் திரையில் தெரியாமல் போகும்.

ஸ்காபரோவிலிருந்து, திரும்பவும்:

தன் மருமகன் லண்டனில் பிறந்தவர், கனடாப் பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கிறது, அவருக்கும் ஈ.ரி.ஏ. போடலாமா என்று ஒரு அக்கா எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். எல்லாருக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் பிரிட்டிஷ் சிட்டிசனா என்று பார்க்கவேண்டும். 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தவர்களுக்குப் பிறந்த இடம் மட்டும் காணாது. பொதுவாக, பிறந்த நேரத்தில் தாய் தகப்பனில் ஒருவராவது பிரிட்டிஷ் சிட்டிசனாகவோ, நிரந்தரமாக இருக்க அனுமதி பெற்றவராகவோ இருந்திருக்கவேண்டும். தொண்ணூறுகளில் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்த எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். அப்படிப் பிறந்தவர் பின்னர் அங்கே சிட்டிசனாகப் பதியாமல் கனடா வந்திருந்தால் அவர் பிரிட்டிஷ் ஆள் இல்லை, மற்றக் கனேடியர் போலவே ஈ.ரி.ஏ. எடுக்கலாம்.

பெற்றோரில் ஒருவருக்கு அப்போதே அந்த அனுமதி இருந்திருந்தால் அவர் பொதுவாகப் பிறப்பிலேயே பிரிட்டிஷ். பிரிட்டிஷ் ஆட்களுக்கு ஈ.ரி.ஏ. கொடுபடாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கவேண்டும், அல்லது பிரித்தானியாவில் வாழ உரிமை உண்டு என்று காட்டும் உரிமைச் சான்றிதழ் ஒன்று எடுக்கவேண்டும். சான்றிதழுக்குப் பல நூறு பவுண் போகும், பாஸ்போர்ட் அதைவிட மிகவும் மலிவு. முதல் பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழோடு, அந்தக் காலத்தில் பெற்றோரின் நிலை என்ன என்று காட்டும் கடதாசியும் கேட்பார்கள். அக்கா, மருமகனின் தகப்பனிடம் பழைய பாஸ்போர்ட்டுகள் இருந்தால், நிரந்தர அனுமதி முத்திரை எந்தத் திகதியில் குத்தியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அதைப் பார்த்தால் அடுத்தது என்ன என்று சொல்லலாம்.