1896 லேயோன் பொலே: சூடானதும் நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

லேயோன் பொலேயின் 1896 மூன்று சக்கர வண்டி ஒன்றை, அது பிறந்த பிரான்சின் லே மான் ஊரிலேயே ஒரு பட்டறையில் சரிசெய்து வருகிறேன். ஆறியிருக்கும்போது நன்றாகக் கிளம்புகிறது. பத்து நிமிடம் போனதும் எஞ்சினில் தட்டல் சத்தம், இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். மார்ச்சிலிருந்து இதே கதை.

650 சிசி ஒற்றை சிலிண்டர், காற்றில் ஆறும் வகை. ஸ்பார்க் பிளக் கிடையாது. பர்னர் சுடரில் சிவக்கும் பிளாட்டினக் குழாய்தான் (சுடுகுழாய்) பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைக்கிறது.

பர்னரைச் சுத்தம் செய்தேன், குழாயை மாற்றினேன், எக்ஸாஸ்ட் வால்வைத் தேய்த்து உட்காரவைத்தேன். பெட்ரோலும் புதிது. பின்சக்கரத்தை முன்னால் நகர்த்தி, எஞ்சினிலிருந்து அதற்குப் போகும் பெல்ட்டைத் தளர்த்தி நின்ற இடத்திலேயே ஓடவிட்டாலும் அதே தட்டல். அதனால் பெல்ட், பின்சக்கரம் பக்கம் சந்தேகமில்லை.

ஒன்று கவனித்தேன். நிற்கப்போகும் நேரத்தில் குழாயின் சிவப்பு, சிலிண்டரை ஒட்டிய அடிப்பகுதி வரை இறங்கியிருக்கிறது. அங்கே சூடு ஏறினால் கலவை முன்கூட்டியே பற்றிவிடும். இப்படியே ஓட்டி பிஸ்டனைப் பறிகொடுக்க மனசு வரவில்லை. இதற்கு மாற்றுப் பிஸ்டன் எங்கே கிடைக்கும்?

சரி, சுடுகுழாய் எஞ்சினைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள்: சுடர் குழாயின் எந்த இடத்தில் படும்படி பர்னரை வைக்கிறீர்கள்?