புதுப்பிப்பு: ஜெர்மனியில் பிரைம் சந்தா, ஆளில்லா வீட்டுக்கு பார்சல் – என் முடிவு

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமேசான் பிரைமுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்றும், பகலில் வீட்டில் ஆளில்லாத நான் பார்சலை எப்படிப் பெறுவது என்றும் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஆண்டுக்கு 89.90 யூரோ, மாதத்துக்கு 8.99 யூரோ என்பதால், பத்து மாதங்களுக்கு மேல் தேவைப்பட்டால்தான் ஆண்டுச் சந்தா லாபம் என்று ஒருவர் போட்டுக் காட்டிய கணக்கே எனக்கு வழிகாட்டியது. என் ஆறு மாத ஆர்டர்களைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, பெரும்பாலானவை 39 யூரோவைத் தாண்டியிருந்தன. அமேசானே அனுப்பும் பொருள்களுக்கு அந்தத் தொகைக்கு மேல் சந்தா இல்லாமலே அனுப்புக் கட்டணம் கிடையாது. ஆகவே, வீடு மாறிய ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா எடுத்து, உடனே ரத்து செய்துவிட்டேன்.

பார்சல் சிக்கலைத் தீர்த்தது பாக்ஸ்டேஷன் யோசனை. அது டிஹெச்எல் கூரியர் நிறுவனம் பொது இடங்களில் வைத்திருக்கும் மஞ்சள் நிறத் தானியங்கிப் பெட்டகம்; அதில் பார்சல் ஏழு நாள் வரை காத்திருக்கும். பதிவு செய்தபின் கிடைக்கும் எண்ணை முகவரியில் தவறாமல் எழுத வேண்டும். இரவு பத்து மணிக்குச் சிறு கதவு தானாகத் திறந்து, உள்ளே என் இரும்பு தோசைக்கல் இருந்ததைப் பார்த்தபோது பெரிய நிம்மதி.

எதிர்பாராத ஒன்று: அந்தப் பெட்டகம் டிஹெச்எல் பார்சல்களை மட்டுமே ஏற்கும். ஒரு கடை வேறு கூரியரில் அனுப்பிய மிக்சி அப்படியே திரும்பிப் போய், பணம் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. எந்தக் கூரியர் என்பதை ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.