காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும் பழைய கார்: உதவி வேண்டும்

குன்னூரில் இருக்கிறேன். அப்பா வாங்கிய 2003 மாடல் பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை). விடியற்காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) ஏறாமல் 500-க்கு இறங்கி, துடித்து, நாலைந்து நொடியில் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் ஓடும். சூடான பிறகு ஒரு குறையும் இல்லை.

பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்தோம். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். மிதித்தால் ஓடுகிறதே, அப்புறம் பம்ப் எப்படிக் காரணமாகும்? எனக்கு ஐடில் ஏர் வால்வு (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று விடுவது) அல்லது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் (இன்ஜின் சூட்டை அளப்பது) மேல்தான் சந்தேகம். இன்ஜின் சூடாக இருப்பதாகச் சென்சார் தவறாகச் சொன்னால், குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கொடுக்காது அல்லவா?

இந்த இரண்டில் எதை முதலில் சோதிப்பது? மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. அப்பாவின் வண்டி, விற்க மனமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.