சென்னை டு ஹம்பி: நாலு பேர், தலைக்கு 2,500. கட்டுப்படியாகுமா?

முதுகலை_முதல்வருடம்:
வணக்கம். நாங்க நாலு பேர், சென்னையில எம்.ஏ. படிக்கிறோம். ஜனவரி கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி ஹம்பி போய் ரெண்டு நாள் சுத்திப் பார்க்கணும். போக, வர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து தலைக்கு 2,500 ரூபாய்க்கு மேல முடியாது. ஆம்னி பஸ் டிக்கெட் விலையைப் பார்த்ததும் தலை சுத்துது. ரயில்ல மாணவர் சலுகை உண்டுங்கிறாங்களே, அது இதுக்குக் கிடைக்குமா? எந்த வழியா போனா செலவு குறையும்?

பக்கவாட்டு_பெர்த்:
தாராளமா முடியும். ஆனா சென்னை டு பெங்களூரு, பெங்களூரு டு ஹோஸ்பெட் (ஹம்பிக்குப் போக இறங்கற ஸ்டேஷன்)னு எல்லாரும் சொல்ற வழியை மட்டும் பார்க்காதீங்க. திருப்பதியிலிருந்து கோலாப்பூர் போற ஹரிப்ரியா எக்ஸ்பிரஸ் (17415) குண்டக்கல், பெல்லாரி வழியா ஹோஸ்பெட் போகுது. ராத்திரி திருப்பதியில ஏறினா காலையில ஹோஸ்பெட். ஸ்லீப்பர் 300 ரூபாய்க்குள்ள வரும். செயலியில தேடும்போது ஸ்டேஷன் பேர் ஹொசபேட்டேன்னு இருக்கும், குழம்பிடாதீங்க.

சென்னையிலிருந்து திருப்பதி 150 கி.மீ. கூட இல்லை. முன்பதிவில்லா டிக்கெட் 100 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். ரயில்வேயோட ரயில்ஒன் செயலியில எடுக்கிறதா இருந்தா ஸ்டேஷனுக்கு வெளியே நின்னே எடுங்க. பிளாட்பாரத்துக்குள்ள போயிட்டா அது டிக்கெட் தராது. எடுத்த மூணு மணி நேரத்துக்குள்ள பயணத்தைத் தொடங்கணும், அதனால காலையிலேயே எடுத்து வைக்கிறதில் பிரயோஜனம் இல்லை. மதியம் கிளம்பற வண்டியிலேயே போயிடுங்க. சாயங்கால வண்டி ரேணிகுண்டா பக்கத்துல நின்னுட்டா ஹரிப்ரியாவை விட்டுடுவீங்க. முன்பதிவில்லா டிக்கெட்ல போய் அடுத்த வண்டியை விட்டா அந்த 300 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை.

இந்த வழியில உண்மையான லாபம் டிக்கெட் விலையில இல்லை. போறப்ப ஒரு ராத்திரி, வர்றப்ப ஒரு ராத்திரி ரயில்லயே தூங்கிடறீங்க. அறை வாடகை சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும்தான். திரும்ப ஞாயிறு ராத்திரி அதே ஹரிப்ரியாவோட திரும்பற வண்டி 17416 ஏறினா திங்கள் காலை திருப்பதி, மதியத்துக்கு மேல சென்னை. திங்கட்கிழமை வகுப்பு போச்சுன்னு இப்பவே வருகைப் பதிவுல கழிச்சுக்கோங்க.

முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கும். திருப்பதி வண்டிங்கிறதால பக்தர்கள் கூட்டம் சீக்கிரம் நிரப்பிடும். ஐஆர்சிடிசி கணக்குல ஆதாரை முன்கூட்டியே இணைச்சு வைங்க. இணைக்காத கணக்குக்குத் திறந்தவுடனே எடுக்கற வாய்ப்பும் இல்லை, தட்கலும் இல்லை.

அரசாணை_ஆறுமுகம்:
சலுகை பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இது. பொதுப் பிரிவு மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 25, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 27. இது சொந்த ஊருக்குப் போய் வருவதற்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் மட்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றப் போவது இரண்டிலும் அடங்காது.

துறையே ஏற்பாடு செய்து, கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் கடிதம் கொடுத்தால் கல்விச் சுற்றுலா. அப்போதும் ஆன்லைனில் எடுக்க முடியாது. கவுன்ட்டரில்தான் எடுக்க வேண்டும். தட்கலில் கிடையாது. அடிப்படைக் கட்டணத்தில்தான் கழிவு. முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்பாஸ்ட் கட்டணமும் முழுதாகக் கட்ட வேண்டும். அதனால் 300 ரூபாய் டிக்கெட் 150 ஆகிவிடாது. வரலாறு, தொல்லியல் துறையாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். வேறு துறையென்றால் கடிதத்துக்கு அலையும் நேரத்துக்கு அந்தத் தொகை தேறாது.

எட்டு ஊர் வரை இறங்கி ஏறலாம் என்கிற வட்டப் பயணச்சீட்டும் உண்டு. இரண்டு நாள் பயணத்துக்கு அது வேண்டாம். விண்ணப்பம், பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனி முன்பதிவு. தென்னிந்தியா முழுக்க ஒரு மாதம் சுற்றுபவர்களுக்குத்தான் அது லாபம்.

முதுகலை_முதல்வருடம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. சலுகையை மறந்துட்டோம். போறதுக்கு டிக்கெட் கிடைச்சா கூட, திரும்ப வர்றதுக்கு வெயிட்டிங் லிஸ்ட் வந்தா எடுக்கலாமா? பாதுகாப்புக்கு ஹரிப்ரியா, பெங்களூரு வழி ரெண்டுலயும் எடுத்து வச்சு ஒண்ணை ரத்து பண்ணலாமா?

பக்கவாட்டு_பெர்த்:
ரெண்டுலயும் எடுக்காதீங்க. உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை எவ்வளவு முன்னாடி ரத்து பண்ணினாலும் தலைக்குக் குறைஞ்சது 120 ரூபாய் பிடிப்பாங்க. 300 ரூபாய் டிக்கெட்ல அது பாதிக்குக் கொஞ்சம்தான் கம்மி. நாலு பேருக்கு 480. ஒரு நாள் சாப்பாட்டுக் காசு.

வெயிட்டிங் லிஸ்ட்ல எண்ணை விட முன்னாடி இருக்கிற எழுத்தைப் பாருங்க. ஜிஎன்டபிள்யூஎல்னா வண்டி கிளம்பற ஊர்லயோ அதுக்குப் பக்கத்துலயோ ஏறறவங்க வரிசை, அது நல்லா நகரும். ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் ரெண்டும் நடுவழி ஸ்டேஷன்களுக்கு ஒதுக்கின சின்னப் பங்கு. அங்க யாராவது ரத்து பண்ணினாத்தான் நகரும். ஹோஸ்பெட் நடுவழி ஸ்டேஷன். அங்கிருந்து ஆர்எல்டபிள்யூஎல் 15னு வந்தா நம்பி உட்கார வேண்டாம்.

இதுக்கு மாற்று ஹம்பி எக்ஸ்பிரஸ் (16591). ஹூப்ளியில கிளம்பி ஹோஸ்பெட் வழியா பெங்களூரு வருது. டிக்கெட்டை ஹூப்ளியிலிருந்து எடுத்து, போர்டிங் இடத்தில் ஹோஸ்பெட்டைத் தேர்வு பண்ணுங்க. தலைக்கு 100 ரூபாய்க்குள்ளதான் கூடும், ஆனா பெரிய ஒதுக்கீட்டுக்குள்ள வந்துடுவீங்க. போர்டிங் மாத்தாம விட்டா ஹூப்ளி தாண்டினதும் டிடிஇ பெர்த்தை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம், அதை மறக்காதீங்க. காலையில பெங்களூருவில இறங்கின கையோட சென்னை வர்ற லால்பாக் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க, ஹம்பி எக்ஸ்பிரஸ் கொஞ்சம் தாமதமானாலும் அது போயிடும். மதியத்துக்கு மேல கிளம்பற பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் நிம்மதி. நடுவுல பசிச்சா இந்திரா கேன்டீன் இருக்கு, டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய்.

இன்னொண்ணு. நாலு பேரும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே டிக்கெட்ல இருங்க. சார்ட் (கடைசி பயணிகள் பட்டியல்) போட்டப்புறம் நாலும் வெயிட்டிங்லயே இருந்தா ஆன்லைன் டிக்கெட் தானா ரத்தாகிடும், ஏறினா டிக்கெட் இல்லாத ஆள்னு கணக்கு. அதுல ரெண்டு பேருக்கு உறுதியாகியிருந்தா மத்த ரெண்டு பேரும் கூடவே போகலாம், பெர்த் மட்டும் பகிரணும். தனித்தனியா எடுத்தா அந்த வசதி போச்சு. கடைசி வழி தட்கல். ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணி. தலைக்கு 100 ரூபாயிலிருந்து 200 வரை கூடும், உறுதியான தட்கலை ரத்து பண்ணினா ஒரு பைசா திரும்பாது.

துங்கபத்ரா_கரை:
ரயில் கதை முடிஞ்சதால ஊருக்குள்ள வரேன். பணம் அதிகமாக் கரையறது இங்கதான்.

ஹோஸ்பெட்லிருந்து ஹம்பி 13 கி.மீ. ஸ்டேஷன் வாசல் ஆட்டோவை விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க, ஹம்பிக்கு அரசு பஸ் அடிக்கடி இருக்கு. உங்கள்ல பெண்கள் இருந்தா ஒரு விஷயம்: கர்நாடகத்தோட இலவச பஸ் அந்த மாநிலத்து முகவரி இருக்கிறவங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினா டிக்கெட் போடத்தான் செய்வாங்க.

அறை எடுக்கும்போது வாடகைக்கு முன்னாடி 'செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா'ன்னு கேளுங்க. காலை 7 மணிக்கு வர்ற உங்களுக்கு 12 மணிக் கணக்கு இருக்கிற விடுதியில ஒரே ராத்திரிக்கு ரெண்டு நாள் வாடகை கேட்கலாம். 24 மணி நேரக் கணக்குன்னா ஞாயிறு காலையில காலி பண்ணிட்டு பையை அங்கேயே கேட்டு வைங்க. நாலு பேரோட ஆதாரும் கையில இருக்கணும், கல்லூரி அடையாள அட்டையை மட்டும் வச்சு அறை தராத இடமும் உண்டு.

விருபாக்ஷர் கோயில், ஹேமகூடம், கிருஷ்ணன் கோயில், நரசிம்மர் சிலை எல்லாம் நடந்தே பார்த்துடலாம். ஆட்டோக்காரர்கள் 'விட்டலர் கோயில் ரொம்ப தூரம்'னு சொல்வாங்க. சாலையில 9 கி.மீ.க்கு மேல, அது நிஜம்தான். ஆனா ஹம்பி பஜாரோட கடைசியிலிருந்து துங்கபத்ரா ஆற்றோரமா நடந்தா ரெண்டு கி.மீ. அந்தப் பாதைதான் ஹம்பியிலேயே அழகான நடைன்னு நான் சொல்வேன். அரச குடியிருப்புப் பகுதி கமலாபுரம் பக்கம், அதுக்கு வாடகை சைக்கிள் போதும். சைக்கிளை எடுக்கும்போதே பிரேக்கையும் டயரையும் பாருங்க, நடுவழியில பஞ்சரானா நிழலும் கிடையாது கடையும் கிடையாது.

தொல்லியல் துறை டிக்கெட் 40 ரூபாய். அதே டிக்கெட்ல அதே நாள்ல விட்டலர் கோயிலும் தாமரை மகால் இருக்கிற வளாகமும் பார்க்கலாம். ஒண்ணை சனிக்கிழமையும் இன்னொண்ணை ஞாயிறும் பார்த்தா ரெண்டு டிக்கெட். சனிக்கிழமை ரெண்டையும் முடிச்சுடுங்க. ஞாயிறு விடியறதுக்குள்ள மதங்க மலை, அப்புறம் படகுல அக்கரைக்குப் போய் ஆனேகுந்தி ஊர், அஞ்சனாத்ரி மலை. அஞ்சனாத்ரிக்கு 575 படி, வெயில் ஏறினப்புறம் அந்தப் பாறைப் படியில ஏறாதீங்க. படகு சாயங்காலத்தோட நின்னுடும். விட்டுட்டா பாலம் வரைக்கும் சாலையில சுத்தி வரணும், ராத்திரி ரயில் இருக்கிற நாள்ல அது ஆபத்து. மதியம் 3 மணிக்கே இக்கரைக்கு வந்துடுங்க. அணையில தண்ணி திறந்தா படகே ஓடாது, ஜனவரியில அந்தக் கவலை குறைவு.

குரங்குகள் கையில இருக்கிற பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே வரும். பழத்தை முதுகுப் பைக்குள்ள வைங்க.

முதுகலை_முதல்வருடம்:
அப்போ திருப்பதி போக வர 200, ஹரிப்ரியா ரெண்டு பக்கமும் 600, அறைப் பங்கு 400, சாப்பாடு 700, பஸ், சைக்கிள், படகு 350, நுழைவு 40. மொத்தம் 2,290. சரியா?

துங்கபத்ரா_கரை:
சரி. அறைப் பங்கு 400ங்கிறது நாலு பேர் ரெண்டு அறை எடுக்கிற கணக்கு. ஜனவரி 26 ஒட்டின வார இறுதியா இருந்தா அந்த விலைக்கு ஹம்பிக்குள்ள கிடைக்காது, ஹோஸ்பெட்லயே தங்குங்க. இல்லைன்னா ஒரு வாரம் தள்ளிப் போடுங்க.