கண் திறக்காத பூனைக்குட்டிகள் பால் குடிக்கவில்லை, அவசரம்

தேன்மொழி: எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு குட்டிகள் கிடந்தன, அறைக்கு எடுத்து வந்துவிட்டேன். பால் கொடுத்தால் வாயையே திறக்கவில்லை. ஒன்று கத்துவதையும் நிறுத்திவிட்டது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ராஜா: எந்த ஊர்? என்ன பால்? கண் திறந்திருக்கிறதா? தொப்புள்கொடி ஒட்டியிருக்கிறதா? எடை எவ்வளவு?

மீனா: தாய் இரை தேடப் போயிருக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாரும்மா. ஒவ்வொன்றாகத்தான் கவ்விப் போகும்.

தேன்மொழி: டேப் ஒட்டி மூடிய பெட்டி அக்கா, யாரோ கொண்டுவந்து விட்டது. சிங்கப்பூர். கண் மூடித்தான் இருக்கிறது, கொடியும் இருக்கிறது. பசும்பால். தராசு இல்லை. ஏசி அறை.

வைத்தி: இதை இங்கே எத்தனை முறை எழுதியாகிவிட்டது! பழைய இழைகளை ஒருவரும் படிப்பதில்லை. சரி, கேளுங்கள். இப்போதைக்குப் பாலே வேண்டாம். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. ஏசியை அணைத்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர இடம் வேண்டும். உடம்பு கதகதப்பான பிறகு, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்து, குப்புற வைத்துக் கொடுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் வாரம் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும்.

மீனா: பவுடர் கிடைக்காவிட்டால் ஆட்டுப்பால். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தன.

வைத்தி: பிழைத்ததை மட்டும் சொல்கிறீர்கள். பசும்பாலோ ஆட்டுப்பாலோ, வயிற்றுப்போக்கு வந்தால் இந்த வயதுக் குட்டி தாங்காது.

ராஜா: தேன்மொழி, பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வாலடியில் மெல்லத் துடையுங்கள். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது. இல்லாவிட்டால் மூத்திரம்கூடப் போகாது. மூன்று வாரம் வரை இதுதான் வேலை.

சேகர்: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்கக் கூடாதே?

ராஜா: அது பழைய விதி. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமமும், அடையாளத்துக்குத் தோலடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் வேண்டும்.

சேகர்: வாடகை அறை என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டாமா? நாளைக்கு அந்தப் பெண்ணையே வெளியே போகச் சொன்னால்?

மீனா: உயிர் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் பேச்சு எதற்கு?

சேகர்: தங்க இடம் இல்லாவிட்டால் குட்டியை யார் பார்ப்பது? காப்பாற்றியவுடன் வளர்க்க ஆள் தேடத் தொடங்கட்டும் என்கிறேன்.

வைத்தி: தேன்மொழி, கத்தாத குட்டி எப்படி இருக்கிறது? வாய்க்குள் விரல் வைத்தால் குளிர்கிறதா?

தேன்மொழி: சூடு ஏறியதும் அந்தக் கறுப்புக் குட்டி முனக ஆரம்பித்துவிட்டது. மற்றதுக்கு வாய் இன்னும் குளிர்ச்சி. இரவிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டேன்.

ராஜா: டாக்சியில் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டிலில் வெந்நீரை மாற்றிக்கொண்டு போங்கள்.