ஒரே வகைக்கென எழுதப்பட்ட தொகுப்பு இடைமுகங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பதிவு

பல லட்சம் பொருட்களின் இருப்பை நினைவகத்தில் வைத்திருந்த ஜாவா நிரலில், எந்த வகையையும் ஏற்கும் ஹாஷ்மேப்பை (ஒரு கீயைக் கொடுத்தால் அதற்கான மதிப்பைத் தரும் அட்டவணை) எடுத்துவிட்டு, ஃபாஸ்ட்யூட்டில் நூலகத்தில் முழு எண்களுக்கென்றே எழுதப்பட்ட இன்ட்2இன்ட்மேப்பைப் பொருத்தினோம். ஜாவா நிரல்களை இயக்கும் ஹாட்ஸ்பாட்டில், எண்ணைப் பொதிந்து வைக்கும் ஒரு இன்டீஜர் ஆப்ஜெக்ட் வழக்கமாக 16 பைட் பிடிக்கும், வெறும் எண்ணான இன்ட்டுக்கு 4 போதும். மேப்பிலிருந்து மதிப்பை எடுக்கும் கெட் தந்த விடை ‘நல்’ஆ (எதுவும் இல்லையா) என்று பார்த்த பழைய வரியை, வெறும் இன்ட் ‘நல்’ஆக இருக்க முடியாதென்று கம்பைலர் ஏற்க மறுத்ததால் அது நீக்கப்பட்டது. பிறகு லாகில் (நிரல் எழுதும் பதிவேட்டில்) அடுத்தடுத்து இரண்டு வரிகளைக் கண்டேன். இரண்டிலும் இருப்பு 0. ஒன்று விற்றுத் தீர்ந்த பொருள், மற்றொன்று மேப்பில் ஏறவே ஏறாத பொருள். எது எதுவென்று அந்த வரிகளை வைத்துச் சொல்ல வழியே இல்லாதது இன்றும் உறுத்துகிறது.

மறுமொழி

இதற்கு இடைமுகத்தைக் குறை சொல்வது சரியல்ல. ஜாவாவின் பொதுவான இன்டீஜர் லிஸ்டில் 7, 8, 1 என்று இருந்தபோது, ரிமூவ்(1) என்ற அழைப்பு அந்த 1ஐ இட எண்ணாக (0இலிருந்து எண்ணி) எடுத்துக்கொண்டு, மதிப்பு 1ஐ விட்டுவிட்டு 8ஐ நீக்கியதை நான் டீபக்கரில் பார்த்தேன். ஃபாஸ்ட்யூட்டிலின் இன்ட்லிஸ்டில் இடத்தைக் கொண்டு நீக்க ரிமூவ்இன்ட், மதிப்பைக் கொண்டு நீக்க ரெம் என்று தனித்தனி மெத்தட்கள் இருக்கின்றன. உங்கள் மேப்பிலும் 0 என்பது இல்லாத கீக்குத் தரும் முன்னிருப்பு விடை மட்டுமே. மேப்பை உருவாக்கும் இடத்திலேயே டிஃபால்ட்ரிட்டர்ன்வேல்யூவை -1 என்று அமைத்துவிடுங்கள், அல்லது கீ இருக்கிறதா என்று கன்டெயின்ஸ்கீயைக் கேட்ட பிறகே கெட்டை அழையுங்கள். இல்லாத கீயைக் கேட்கும் ஒரு டெஸ்டையும் கட்டாயம் எழுதுங்கள். இருக்கும் கீகளை மட்டும் சோதிக்கும் டெஸ்ட்களில் இந்தப் பிழை ஒருநாளும் சிக்காது.

மறுமொழி

திரும்பி வந்த சரக்கையும் திருத்தங்களையும் எதிர்மறை எண்ணாகப் பதியும் இடத்தில் -1 உண்மையான மதிப்பாகவே இருக்கக்கூடும் என்பதால், அந்த யோசனை சிக்கலை வேறோர் எண்ணுக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். 2002இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் 1.0இல் ஜெனரிக்ஸ் (ஒரே கிளாஸை எந்த வகைக்கும் பயன்படுத்தும் வசதி) கிடையாது. கலெக்‌ஷன்பேஸ் என்ற அடிப்படை கிளாஸிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளாஸைக் கையால் எழுதினோம். ஆட் மெத்தட் ஒரே வகையைத்தான் ஏற்கும் என்று எல்லோரும் நம்பியிருக்க, எந்த வகையையும் ஏற்கும் ஐலிஸ்ட் இடைமுகம் வழியாக ஒரு ஸ்ட்ரிங் உள்ளே நுழைந்துவிட்டது. சேரும் மதிப்பைச் சோதிக்கும் ஆன்வேலிடேட் மெத்தட்டை ஓவர்ரைடு செய்யாவிட்டால் (மாற்றி எழுதாவிட்டால்) அது ‘நல்’லை மட்டுமே தடுக்கும். சேர்த்த இடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. எங்கோ இருந்த ஒரு ஃபார்ஈச் வரியில், தொகுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும்போது, வகை பொருந்தவில்லை என்ற இன்வேலிட்காஸ்ட்எக்ஸெப்ஷன் பிழை வெடித்தது. 2005இல் டாட்நெட் 2.0 ஜெனரிக்ஸுடன் வந்தபோது, டிக்‌ஷனரியின் ட்ரைகெட்வேல்யூ கீ இருந்ததா என்பதையும் மதிப்பையும் தனித்தனியாகத் தந்தது. முதல் பதிவர் தேடுவது அப்படிப்பட்ட மெத்தட்டைத்தான்.